பனிக்கடல் படி

பாம்பன் ஐஸ் கம்பெனியில்
இரவுக் கணக்கு என்னுடையது.
ஒரு பார் ஐம்பது கிலோ என்று
சுவரில் எழுதியிருக்கிறது.
வாசல் தாண்டும்போது நாற்பத்தாறு,
வண்டியில் ஏறும்போது நாற்பத்துமூன்று.
மிச்சத்தை வாய்க்கால் கொண்டுபோய்க்
கடலில் சேர்க்கிறது,
ரசீது கேட்காமல்.

இருபத்துநாலு மணி நேரத்தில்
உறைந்துகொண்டிருந்த தண்ணீர்
இந்தப் புரட்டாசியில் முப்பது கேட்கிறது.
கண்டென்சரைக் குளிர்விக்கப் போகும் நீரே
கஞ்சி வடித்த சூட்டில் இருந்தால்
மோட்டார் என்ன செய்யும்,
உறுமும்.

நேற்று லூர்துராய்
ஒரு பாரை மண்ணில் போட்டு உடைத்தார்.
நடுவில் ஒரு முழத்துக்குத் தண்ணீர்,
இளநீர் போலத் தெளிந்து.
"ஐஸ் காசுக்குத் தண்ணியா விக்கிறீக?"
முப்பது பார் ஏற்றிய படகு
இப்போது நாற்பத்தைந்து ஏற்றுகிறது.
அப்படியும் கரைக்கு வருவதற்குள்
காரல் மீனின் கண் வெளுத்துவிடுகிறது.
மன்னிப்புக் கேட்டேன்,
யார் சார்பில் என்று தெரியாமல்.

அந்த நேரத்தில்தான் போனில் வந்தது
ரெமிஜியஸ் குரல்.
தங்கச்சி மாப்பிள்ளை, சரக்குக் கப்பலில் ஆயிலர்.
உலகத்தின் உச்சந்தலை வழியாகப் போகிறதாம் கப்பல்,
வகிடு எடுத்த மாதிரி.

"பனி ஒடையிற சத்தம்
இடி மாதிரி இருக்கும்னு சொல்லித்தான்
கூட்டியாந்தாக மச்சான்.
காதுக்குப் பஞ்செல்லாம் வாங்கி வச்சேன்.
நாலு நாளாச்சு, ஒண்ணையும் காணோம்.
நம்ம தென்கடல் மாதிரி
கருப்பா, சும்மா கெடக்கு.
ஒரே ஒரு துண்டு மெதந்து வந்துச்சு,
வள்ளம் அளவுக்குத்தான்.
எல்லாரும் ஓடிப்போய்ப் படம் எடுத்தோம்."

பிறகு குரலைத் தாழ்த்தி:
"பனிக்கடல் படியை வெட்டிட்டாக.
பனி இல்லாத கடலுக்குப்
படி எதுக்குன்னு கேக்குறாக.
பிலோமிகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லுங்க."

மணி மூன்றுக்குக் கரண்ட் போனது.
எமர்ஜென்சி விளக்கடியில்
டம்ளர் விளிம்புவரை நல்ல தண்ணீர் ஊற்றி
ஒரு துண்டு ஐஸை மிதக்கவிட்டேன்.
கரைந்து முடிந்தது. ஒரு சொட்டும் வழியவில்லை.
இன்னொரு துண்டை விளிம்பின்மேல் ஏற்றிவைத்தேன்,
அது நிலத்துப் பனி.
உருகி இறங்கியது. கணக்கு நோட்டு நனைந்தது.
மிதப்பது குற்றவாளி இல்லை என்று
லேசாக நிம்மதி.
அதற்குள் உமி ஞாபகம் வந்துவிட்டது.

உமி போர்த்திய பார் ஒரு பகல் தாங்கும்.
போர்வையை யாராவது உருவினால்
மதியத்துக்குள் தரை ஈரம்தான் மிச்சம்.
அந்த வெள்ளை அங்கே கிடந்ததும்
வெயிலைத் திருப்பி அனுப்பத்தான் போல.
உருவியாகிவிட்டது.
அந்தியே வராத கோடை முழுவதையும்
கருப்புத் தண்ணீர் உட்கார்ந்து குடிக்கிறது.

இங்கே ஒரு காற்றுக்கு வாடை என்று பெயர்.
வடக்கிலிருந்து வருவது.
கார்த்திகையில் காதை மூடிக்கொள்வோம்.
பெயர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

காலையில் பிலோமியிடம் சொன்னேன்.
வடக்கே கடல் உறையவில்லை, படி இல்லை.
அவள் அழவில்லை. விரலில் எண்ணினாள்:
சீட்டு,
ஜெரினுக்கு ஸ்கூல் பீஸ்,
போன அமாவாசை வெள்ளம் ஏறி அரித்த
பின்சுவருக்கு சிமெண்ட்.
அத்தனையும் பனிமேல் கட்டிய கணக்கு.

சாயங்காலம் அந்தோணியார் முன்னால்
பத்து ரூபாய் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.
என்ன வேண்டினாய் என்றேன்.
"அங்க நல்லா ஒறையணும்னுதான்."

கச்சானா வாடையா என்று சொல்லமுடியாத
ஒரு காற்று வந்து சுடரைச் சாய்த்தது.
உள்ளங்கையால் மறைத்துப் பிடித்தேன்.
சட்டைப்பையில் போன் அடித்தது.
லூர்துராய்.
இன்றைக்கு நாற்பத்தெட்டு பார் வேண்டுமாம்.